ஆறாவது பெயர்

மைமூன் ராத்தா இறந்துவிட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நெதர்லாந்திலிருந்து அவர் மகள் நஸ்ரின் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் பர்மிய நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், வீட்டில் வசிப்பவர்களை வார்டில் பதிந்து வைக்கும் என் குடும்பப் பட்டியலில் அவர் பெயர் இன்னும் ஆறாவதாக இருக்கிறது.

பபேடான் பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் கண் சோதிப்பார். நான் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்துவேன். இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவரைப் போலப் பயப்படும் மனுஷியை நான் கண்டதில்லை. அடையாள அட்டையின் நகல் இல்லாமல் தேநீர்க்கடைக்குக்கூட வரமாட்டார். கேலி செய்தால், "முன்னாடியே பயந்து முடிச்சுட்டா, வர்ற நேரத்துல கை வேல செய்யும் கலா" என்பார்.

மகளிடம் போகுமுன் வீட்டை விற்றார். அப்போதுதான் தன் பெயரை என் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். "எடுத்துறாத. பேரு இருந்தாத்தான் திரும்பி வர வாசல் இருக்கும்." சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டில் இல்லாத ஆளின் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பது எங்கள் ஊரில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வதுதான். பட்டியலில் உள்ளவர்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று வார்டு அலுவலக ஆட்கள் சோதனைக்கு வரும்போதெல்லாம், "மகளைப் பார்க்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்தேன்.

ஒருமுறை நானும் நெதர்லாந்தில் ராத்தாவிடம் போய் மூன்று வாரம் தங்கினேன். ஆற்றங்கரையில் பழைய செங்கல் மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர். பெயர் இன்றுவரை என் நாக்குக்கு வரவில்லை. சனிக்கிழமை தேவாலயத்தின் முன்னால் சந்தை. மக்களும் மிதிவண்டிகளும் மட்டும் ஏறும் குட்டிப் படகு. வீடுகளில் திரை போடாத பெரிய ஜன்னல்கள். போன மறுநாளே ராத்தா என் கடவுச்சீட்டோடு என்னை நகராட்சிக்கு இழுத்துப் போனார். விருந்தாளி இரவு தங்கினால் வார்டில் எழுதிக் கொடுக்கும் எங்கள் ஊர் வழக்கம் அவரை விடவில்லை.

சிவப்புக் கண்ணாடி போட்ட பெண் பொறுமையாகக் கேட்டாள். "உங்கள் தோழி ஏதாவது தப்பு செய்தாரா?" ராத்தா தனக்குத் தெரிந்த டச்சில், "இல்லை, தூங்குகிறாள்" என்றார். முத்திரை இல்லாமல் அவர் நகரமாட்டார் என்று புரிந்ததும், அந்தப் பெண் ஊர் வரைபடம் ஒன்றை எடுத்து அதில் முத்திரை குத்திக் கொடுத்தாள். தெருவில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராத்தா சிரிக்கவில்லை. "சிரி, சிரி. இவங்க கேக்கமாட்டாங்க. கேட்டா நம்மகிட்ட இருக்கு."

ஆற்றில் வெள்ளம் ஏறினால் மதில் வாசலில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கித் தண்ணீரைத் தடுப்பார்கள். எந்தப் பலகைக்கு யார் என்று தெருவாரியாகப் பெயர் எழுதியிருக்கும். நான் அங்கே இருந்தபோது தெருக்காரர்கள் வந்து ராத்தாவின் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள்; பயத்தில் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒத்திகைக்குப் போய்ப் பலகையின் ஒரு முனையைப் பிடித்துவிட்டு வந்தார். "பேரு எழுதிட்டுப் போனவங்க தேடி வரல கலா. தண்ணி வந்தாத்தான் கூப்பிடுவாங்களாம்." அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

நஸ்ரின் இறப்புச் சான்றிதழை அனுப்பிவிட்டாள். "வார்டுல குடுத்துருங்க ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்குப் பயம்?" என்றாள். அதை மொழிபெயர்த்து, நோட்டரி கையொப்பம் வாங்கி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

முந்தாநாள் காலை வார்டு ஆட்கள் வந்தார்கள். பட்டியலை விரல் வைத்துப் படித்தவர் ஆறாவது பெயரில் நின்று, "இவர் எங்கே?" என்றார். சான்றிதழ் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் ஆறு வருட நெருப்பு அன்றோடு அணைந்திருக்கும். என் மகன் பீரோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

வார்டு ஆட்களுக்குப் படிக்கத் தெரியாத தமிழில் இதை எழுதுவதால்தான் இவ்வளவு தைரியம். ராத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயமும் பட்டியலில் அந்த ஒரு வரியும். இரண்டையும் இப்போதைக்கு நானே வைத்திருக்கிறேன்.

"மகளைப் பார்க்கப் போயிருக்கிறார்," என்றேன். "வந்துவிடுவார்."