தாரில் எழுதிய காப்பிக் கடை

மகள் வாங்கி வந்த கருப்பட்டிக் காப்பிப் பொட்டலத்தில் எழுத்துகள் வேண்டுமென்றே கரடுமுரடாக, கீழே ஒழுகிய மாதிரி அச்சாகியிருக்கின்றன. ஐம்பதுகளில், திருமயம் ரோட்டில் அப்பா வைத்திருந்த காப்பிக் கடைச் சுவரிலும் ‘கருப்பட்டிக் காப்பி’ என்ற இதே இரண்டு சொற்கள்தான். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தாரை, நுனி நசுக்கிய பனைமட்டையால் தொட்டு அவரே எழுதியது, சித்திரை வெயிலில் இளகி, எழுத்துக்கு எழுத்து வால் முளைத்து, எங்கள் பாவாடையிலெல்லாம் ஒட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் மறுபடி இறுகிவிடும்.

அம்மாவுக்கு அது அசிங்கம். சுவருக்கு வெள்ளையடித்து, புதுக்கோட்டையிலிருந்து அழகான போர்டு வரவழைத்து மாட்டினாள். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் எதிர்க்கடைக்குப் போகத் தொடங்கினார்கள். வாடிக்கையாக வரும் வெற்றிலைக்காரரை அப்பா ஒருநாள் மறித்துக் கேட்டார்.

“கடை கைமாறிருச்சுன்னுல்ல நெனச்சேன்! எனக்கு எழுத்தா தெரியும்? அந்த ஒழுகலப் பாத்துத்தான இங்கிட்டு வருவேன்.”

அன்றே போர்டு இறங்கியது. அம்மாவே காப்பி அடுப்பில் தாரை உருக்கிக் கொடுத்தாள்.

“இந்தாங்க, நல்லா ஒழுகுற மாதிரி எழுதுங்க.”

பொட்டலத்தை உற்றுப் பார்க்கிறேன். வெயிலே படாமல், இதிலிருக்கும் ‘ப’ எல்லாம் ஒரே இடத்தில் ஒழுகியிருக்கின்றன.