வாலடியில் ஈரப்பஞ்சு

ஆட்டின் மூக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினைந்து, பதினாறு. ஆடு திமிறுகிறது, முழிக்கிறது, பிறகு பின்னங்கால்களை அகட்டிக் கிண்ணத்தில் சிறுநீர் விடுகிறது. உடனே கையை எடுத்து, "கோவிச்சுக்காதம்மா, முடிஞ்சு போச்சு" என்று காதைத் தடவிக் கொடுக்கிறாள். அந்தக் கால்நடை மருத்துவமனையில் பரிசோதனைக்குச் சிறுநீர் வேண்டுமென்றால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு வழி உண்டு என்பது இருபது வருட உதவியாளர் வேலையில் அவள் கண்டது. பசுவுக்கு வாலைத் தூக்கி, கீழே விரலால் மெல்ல வருடினால் போதும். குதிரைக்குப் புது வைக்கோலைப் பரப்பிவிட்டு, தள்ளி நின்று சீட்டியடிக்க வேண்டும். "மனுஷனுக்குக் குழாயத் தொறந்து விடு, சத்தத்துக்கே வந்துடும்" என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"எங்கண்ணி என்ன வேலை பாக்கறாங்கன்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்று நாத்தனார் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டாள்.

"தண்ணி டிபார்ட்மென்ட்டுன்னு சொல்லு."

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் டாக்டரம்மாவின் அறையில் மாட்டியிருக்கும் நரம்புப் படத்தின் முன்னால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் வந்து நின்றுவிடுவாள். மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக வாலடி வரை விரல் மெதுவாகப் போகும், திரும்பி வரும். ஜன்னல் வெயில் கன்னத்தில் விழ, கண் செருகும். அந்த மஞ்சள் கோடுகளில் யாரோ விளக்கை ஏந்திக்கொண்டு நடந்து போவது போலிருக்குமாம்.

"படம் பாக்கறியா, கனவு காணறியா?" என்பார் டாக்டரம்மா.

"ரெண்டுந்தான்."

போன மாதம் ஒரு பஸ் டிரைவர் சட்டைக்குள் பூனையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வளர்த்த பூனை. பணிமனையில் அவர் பஸ்ஸைக் கிளப்பியபோது அந்த பஸ்ஸிலேயே அடிபட்டு, முதுகு ஒடிந்திருந்தது. பின்னங்கால்கள் செயலிழந்துவிட்டன. சிறுநீர்ப்பை நிரம்பினாலும் தானாகக் காலியாகவில்லை. மூன்று வாரம், நாளைக்கு நாலு தடவை, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றில் பையைத் தேடிப் பிடித்து, அவள்தான் பிதுக்கிவிட்டாள்.

"கால் இல்லாட்டி இழுத்துக்கிட்டாவது பொழைச்சுக்கும். மூத்திரம் தங்கினா உள்ளேயே விஷமாயிடும். இனிமே வீட்டுல நீங்கதான் பிதுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

டிரைவர் மூன்று நாள் முயன்று பார்த்தார். வயிற்றில் கை வைத்ததுமே எடுத்துவிட்டார்.

"உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்குங்க. ஒரு தடவ நானே அடிச்சுட்டேன். மறுபடியும் என் கையாலயா?"

வேறு வழியில்லாமல், வெள்ளிக்கிழமை மதியம் ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

வெள்ளி காலையில் யாரோ வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண் திறக்காத நாலு பூனைக்குட்டிகள். தாய் நக்கிவிட்டால்தான் அந்த வயதில் சிறுநீர் வரும். அவள் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றின் வாலடியையும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் ஊசி போடும் நேரமாகிவிட்டது.

பூனையை மேஜையில் கிடத்தினாள். டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போகிறது சுத்தமாகப் போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஏதோ ராகத்தை முனகியபடி, புதிதாக நனைத்த பஞ்சால் அதற்கும் வாலடியைத் துடைத்தாள். நினைப்பு எங்கேயோ இருந்தது. மணிக்கட்டில் சூடாக ஏதோ பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். சிறுநீர் வந்துகொண்டிருந்தது. மேஜையில் குளமாகப் பரவி, விளிம்பைத் தாண்டிச் சொட்டியது.

"டாக்டரம்மா! நான் அமுக்கவே இல்ல! தொடைச்சேன், அவ்வளவுதான்!"

ஊசியும் கையுமாக வந்த டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். பை அநேகமாகக் காலி.

"குட்டில தாய் நக்கினா வர்ற பழக்கம். வளர்ந்ததும் மூளை அந்த வேலைய எடுத்துக்கும், பழைய வழி தூங்கிடும். மூளையோட தொடர்பு அறுந்து சில வாரமானா, பூனைக்கு அது மறுபடி முழிச்சுக்கும். படிச்சது இது. எனக்குத் தோணலையே." ஊசிக்கு மூடியைப் போட்டார். "கூட்டிட்டுப் போங்க. இனிமே பிதுக்க வேண்டாம், இப்படித் தொடைச்சுவிட்டாப் போதும். வாரத்துக்கு ரெண்டு தடவ எங்கிட்டக் காட்டணும்."

டிரைவர் திரும்பினார். கன்னம் நனைந்திருந்தது. கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

"என் கை முரட்டுக் கைங்க..."

அவள் அந்தக் கையை முன்னால் இழுத்து, கட்டைவிரலில் ஈரப்பஞ்சைச் சுற்றி, அது நழுவாமலிருக்கத் தன் தலைமுடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி அதன் மேல் மாட்டினாள்.