கொன்றைக் காட்டுக்குப் போன காசிமேட்டு வேன்

டூர் வேன் ஓட்டுறவனுக்கு கியர் போடத் தெரிஞ்சா மட்டும் போதாது, போகாத ஊருக்கும் வழி தெரிஞ்ச மாதிரி முகத்தை வெச்சுக்கத் தெரியணும். என்னோட சேர்ந்து ஸ்டியரிங்கைக் கட்டி மாரடிக்கிற அண்ணன் தம்பிகளே, அந்த முகம் உங்ககிட்டேயும் ஒண்ணு இருக்கும்.

வாயைக் கொடுத்தேன்

சித்திரையில மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில கிடக்கும். காசிமேட்டுல மீன் விக்கிற பெண்களுக்கு அப்பதான் ஊர் சுத்த நேரம். வருஷா வருஷம் என் வேன்லதான் கோயிலுக்குப் போவாங்க. இந்த வாட்டி வேற ஒருத்தன் ஏசி, டிவின்னு ஆசை காட்டிட்டான். விட முடியுமா? ஜவ்வாது மலையில ஒரு காப்புக்காடு இருக்கு, மலையே மஞ்சளா கொன்றை பூத்துக் கிடக்கும்னு அளந்து விட்டேன். நான் பார்த்ததெல்லாம் மருமகன் போன்ல ஒரே ஒரு படம். கூட்டத்துக்குத் தலைவி தேசம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு.

"வர்றோம் அண்ணாத்த. பூ மட்டும் இல்லேன்னு வையி, அடுத்த வருசம் அவன் வண்டிதான். உன் வண்டில ஐஸ் பொட்டி கூட ஏத்த மாட்டோம்."

சோதனைச் சாவடி

காட்டு வாசல்ல வனக்காவலர் வண்டிக்குள்ள தலையை விட்டவர், விட்ட வேகத்துல வெளியே எடுத்துட்டார். வழியில சாப்பிட வறுத்த கருவாடு ஒரு தூக்கு நிறைய இருந்தது. எங்களுக்கு அது வாசனையே இல்லை, காத்து மாதிரி. "வேணும்னா உங்க ரூம்லயே வெச்சுட்டுப் போறோம் சார்"னு பெருந்தன்மையா சொன்னேன்.

"நல்லா இருக்குதுங்க ஐயா. உங்களைத் தேட வேண்டிய கரடி என்னைத் தேடி வரட்டுமா?"

மொட்டை மரம்

தூக்கை மூணு கவர் போட்டுக் கட்டி, காவலரையும் ஏத்திக்கிட்டு உள்ளே போனோம். வளைவுக்கு வளைவு, "இதோ வந்துடுச்சு"ன்னு நான் சொல்ல, வந்ததெல்லாம் வெறும் புதர். ஒரு கொன்றை நின்னுது, பூவெல்லாம் சேத்துல கிடந்தது. முந்தின நாள் கோடை மழை கொட்டித் தீர்த்துடுச்சாம். வண்டிக்குள்ள பேச்சு மூச்சில்லை. காசிமேட்டுப் பெண்கள் வாயை மூடிக்கிட்டா புயல் கூண்டு ஏத்தின மாதிரி. கண்ணாடியில தேசம்மா முகத்தைப் பார்க்காம ஓட்டினேன்.

"இன்னா அண்ணாத்த, இந்தக் குச்சியப் பாக்கவா வூட்ட பூட்டிக்கினு வந்தோம்?"

வாடை

அப்பதான் ஜன்னல் வழியா குப்புன்னு ஒரு வாடை. இனிப்பாவும் இருக்கு, ஊசின மாதிரியும் இருக்கு. எண்ணூர்ப் பக்கம் பொழைக்கிறவனுக்குப் புது வாடைன்னா ஒரே அர்த்தம்தான்: ஏதோ கம்பெனியில கேஸ் கசியுது. போட்டேன் பிரேக். "கேஸூ! எறங்கு! மூஞ்ச மூடு!"ன்னு கத்தினேன். எங்க ஆளுங்களுக்குச் சொல்லித் தரணுமா? நொடியில தண்ணி பாட்டில் திறந்து முந்தானையை நனைச்சு, முகத்துல கட்டி, காத்துக்குக் குறுக்கால மேட்டுல ஏறி ஓடினாங்க. எல்லாருக்கும் முன்னாடி நான்தான். பின்னாலயே காவலர் மூச்சிரைக்க வந்தார்.

"ஐயா, அது இலுப்பைப் பூவுங்க! அதைத் தின்ன கரடியே ஆசையா ஓடி வரும், நீங்க இப்படித் தெறிச்சு ஓடுறீங்க!"

மேட்டுக்கு அந்தாண்ட

வெட்கத்துல நான் திரும்பலை. திரும்பாததால பார்த்தேன். மேட்டுக்கு மறுபக்கச் சரிவுல மழை தொடாத கொன்றைக் காடு, சரம் சரமா, கண்ணு கூசுற மஞ்சள். வண்டி போகாத இடம்கிறதால காவலர் அதைப் பத்திப் பேசவே இல்லை. ஈரத்துணி கட்டின முகத்தோட அத்தனை பேரும் அப்படியே நின்னாங்க. அவிழ்க்கணும்னு கூட யாருக்கும் தோணலை. கடைசியில தேசம்மாதான் துணியை இறக்கி, மூக்கு நிறைய இழுத்து விட்டுச்சு.

"சர்தான், அடுத்த வருசமும் உன் வண்டிதான். ஆனா பூ கீதுன்னு வாயால சொல்லு அண்ணாத்த, கேஸூன்னு சொல்லி ஓட வுட்டுக் காட்டாத."

பயணிகளை உயிர் பயத்துல ஓட விட்டு, சரியான இடத்துல கொண்டுபோய்ச் சேர்த்த டிரைவர் இந்தத் தொழில்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.