பவளம் அக்கா சுமந்த என் பொய்

செவ்வாய்க்கிழமை காலை முதியோர் இல்லத்துச் சலவை அறையில் துவாய்கள் மடித்துக்கொண்டிருந்தேன். பவளம் அக்காவின் மகள் சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, அம்மா எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டா." மடித்த துவாயை விரித்து மறுபடி மடித்தேன். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்ததே பவளம் அக்காதான்.

ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத் தமிழருக்கு அவரைத் தெரியும். உடலில் குறையுள்ளவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு முடங்கிய எங்களைப் போன்றவர்களுக்கும் பக்கத்திலேயே வேலை தேடித் தந்தவர். பதவி ஒன்றும் கிடையாது. முதலாளிமாரிடம் போய், "இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்பார். அந்த வார்த்தைக்கு மதிப்பிருந்தது. முதல் கிழமை முழுக்க ட்ராமில் ஆளோடு கூடவே போய்வருவார்.

படிவம் நிரப்புவதில் அவருக்கொரு முறை இருந்தது. எங்கள் சனம், எல்லாம் ஏலும், எதுவும் செய்ய முடியும் என்றுதான் எழுதும். அவர் விடமாட்டார். "ஏலாததை முதல்ல எழுதுவம். அப்பதான் வேலை நிண்டு பிடிக்கும்" என்பார்.

என் தம்பி ரூபனுக்குச் சிறுவயதிலிருந்தே இடது கால் இழுவை. அது ஊரறிந்தது. வலிப்பும் உண்டு, அது எங்கள் வீட்டோடு. மார்க் நாணயம் போய் யூரோ வந்த புதிதில், அக்கா எங்கள் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து அவனுடைய படிவத்தை எழுதினார். காலைப் பற்றி எழுதிவிட்டுப் பேனையைத் தூக்கினார்.

"வேற வருத்தம், நோய் ஏதும்?"

"இல்லை அக்கா."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை."

"ஓம் அக்கா, ஒண்டுமில்லை."

தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வலிப்பு உள்ள குடும்பம் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீடு கையை விரித்துவிடும் என்று பயந்தேன். ரூபன் என் முகத்தைப் பார்த்தான்.

ரொட்டி சுடும் வெதுப்பகம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. மூன்றாம் மாதம், அடுப்புக்கு முன்னால் வலிப்பு வந்து விழுந்தான். வலது கை முழங்கைவரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் வைத்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏசியிருக்கலாம், ஏசவில்லை. "தங்கச்சியின்ர கலியாணம் முடியட்டும். பிறகு நீங்களே சனத்திட்டைச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் வாய் திறக்க மாட்டன்" என்றார்.

கால் தடுக்கி விழுந்தான் என்று சனத்துக்குச் சொன்னோம். "நொண்டிப் பெடியனைக் கொண்டுபோய் அடுப்படியில விட்டவ" என்று அக்காவின் காதுபடவே கதைத்தார்கள். வலிப்பை நேரில் கண்ட முதலாளியோ, அதை அக்காதான் மறைத்தார் என்று நினைத்தார். அதன்பின் அக்கா அனுப்பிய ஒருவரையும் எடுக்கவில்லை. அங்கே போகக் காத்திருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

எங்களை அவர் கைவிடவில்லை. ரூபனின் கை ஆறியதும் புதுப் படிவத்தில் முதல் வரியிலேயே வலிப்பை எழுதி, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை எடுத்துக் கொடுத்தார். இன்றும் போய்வருகிறான்.

தங்கையின் கலியாணத்துக்கு அக்கா வந்தார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் பந்தியைக் கவனிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். தங்கைக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறந்தது, பாலர் பள்ளிக்கும் போனது. அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. கண்டால், "ரூபன் சுகமோ?" என்பார், அவ்வளவுதான். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்குள் இப்போதும் அந்தக் கேள்வி கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறேன்.

செத்தவீட்டில் ஒருவர், "நல்ல மனிசி. அந்தப் பெடியன்ர விசயத்தில மட்டும் அவசரப்பட்டிட்டா" என்றார். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அங்கேயும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அம்மாவைப் பற்றி எழுதச் சொல்லி அவள்தான் கேட்டாள். சுகந்தி, உங்கள் அம்மா அவசரப்படவில்லை. அவர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நான் பொய் சொன்னேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். "என்ர மனுசனுக்கு வலிப்பைப் பற்றிக் கலியாணம் முடிஞ்ச கிழமையே சொல்லிப்போட்டன், அக்கா. அவர் பெரிசா எடுக்கேல்லை" என்றாள்.

பவளம் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, உண்மையைச் சொல்ல அவர் தந்த தவணை ஒன்றுதான். அது கலியாணத்தோடு முடிந்துவிட்டது. இப்போது சொல்ல வந்திருக்கிறேன். அவர் இல்லை.