முள்ளு கீழே கிடந்த ஜீப்பு

1. மேனேஜர் கேட்ட பேப்பர்

மார்கழியில் ஒரு காலை, எங்கள் ஒர்க்‌ஷாப்பு வாசலில் எஸ்டேட் ஜீப்பு ஒன்று வந்து நின்றது. போடியில் முந்தல் ரோட்டில் இருக்கிறது ஒர்க்‌ஷாப்பு. மலையேறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஜீப்பிலிருந்து எஸ்டேட் மேனேஜர் முதலில் இறங்கினார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். பின்னால் டிரைவர் சின்னராசு இறங்கினான். சிலமலை ஊர்க்காரன். பெண்டாட்டி அதே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறாள். குடியிருப்பது எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில். வேலை போனால் அந்த வீடும் போய்விடும்.

"மெக்கானிக்கே, முன்னே லிட்டருக்குப் பதிமூணு கொடுத்த வண்டியாக்கும் இது. இப்போ பத்துகூட வர்றதில்ல" என்றார் மேனேஜர். "வண்டியில கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு, அது மதி, அது போதும். டீசல் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமை வேற டிரைவர் வர்றான்."

சின்னராசு என்னைத்தான் பார்த்தான். "நான் ஒரு சொட்டு எடுக்கலண்ணே."

"திருடுறவன் எவனும் எடுத்தேன்னு சொல்லமாட்டான்."

"சரி சார், டீசல் பேச்சு கெடக்கட்டும். ஹீட்டரையாச்சும் பாருங்கண்ணே. பத்துப் பொம்பளையாளுக ஏறி உக்காந்தா கண்ணாடி பூராம் ஆவி. ஹீட்டரைப் போட்டா மலை உச்சியில மெட்டு போற வரைக்கும் பச்சைக் காத்துதான் வருது. ஒரு கையில துண்டை வச்சுத் தொடைச்சுக்கிட்டே வளைவுல திருப்புறேன்."

"குளிர் காயணும்னா லயத்துல போய்க் காயட்டும்" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

எனக்குப் பயம் ஜாஸ்தி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், எழுதிக் கொடு என்று யார் சொன்னாலும் பேனாவை வேறு யாரிடமாவது நீட்டிவிடுவேன். வேலையிலும் அப்படித்தான். வண்டி வாசலைத் தாண்டியதும், ஆயில் இறக்கும் டிரெயின் பிளக்கை முறுக்கினேனா என்று ஒரு சந்தேகம் வரும். ஓடிப்போய் நிறுத்திக் குனிந்து பார்ப்பேன். முறுக்கித்தான் இருப்பேன்.

அன்றைக்கும் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது. ஜாக்கி போட்டு நாலு வீலையும் சுற்றிவிட்டேன், பிரேக் எதையும் பிடிக்கவில்லை. ஏர் ஃபில்டர் சுத்தம். டீசல் லைனில் ஈரம்கூட இல்லை. இன்ஜெக்டரைக் கழற்றி மிஷினில் வைத்தால் டீசலைப் பன்னீர் தெளித்த மாதிரி அடித்தது. மேனேஜர் கேட்ட பேப்பரை எழுதிக் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது.

2. முள்ளு

மறுநாள் விடிந்ததும் சின்னராசுவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினேன். நாலு வளைவு, அஞ்சு வளைவு தாண்டியாயிற்று. டெம்பரேச்சர் முள்ளு அடியிலேயே கிடந்தது. ஹீட்டர் வாயில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது.

"முள்ளு எப்பவும் இப்படித்தானாடா?"

"ஆமாண்ணே. சித்திரையில வண்டி பொங்குச்சுன்னு கொண்டாந்தேன்ல? நீங்க பாத்து விட்டதுல இருந்து ஐஸ் கணக்கா ஓடுது. ஒங்க கைராசின்னு எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். சித்திரையில் நான் செய்தது ஞாபகம் வந்துவிட்டது.

இந்த ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று இருக்கிறது. இஞ்சின் சூடேறும்வரை அது மூடியிருக்கும். சூடேறியபின் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அது கெட்டுப்போய் மூடியே நின்றால் இஞ்சின் கொதித்துத் தண்ணீர் பொங்கிவிடும். போடி வெயிலில் கிளம்பி, ஆளும் லோடுமாக மெட்டு ஏறுகிற வண்டி நடு வளைவில் பொங்கினால் முன்னும் பின்னும் ரோடு அடைத்துக்கொள்ளும். அதனால் எந்த வண்டி பொங்கி வந்தாலும் இங்கே முதல் வேலை வால்வைக் கழற்றிப் போடுவதுதான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய வால்வுகள் ஒரு பெயின்ட் டப்பா நிறையக் கிடந்தன. முள்ளு கீழே கிடந்தால் வண்டி நல்ல வண்டி. டிரைவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

சித்திரையில் இந்த ஜீப்பின் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தது நான்தான். கோளாறு அதோடு தீர்ந்தது. அதற்கு மேலும் எனக்குப் பயம். ஒருவேளை மறுபடி நின்றுவிட்டால்? நல்லா இருந்த வால்வையும் கழற்றி டப்பாவில் போட்டேன். சின்னராசுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெயில் காலம் முழுக்க அது தெரியவில்லை. மார்கழிக் குளிரில் தெரிந்துவிட்டது. வால்வு இல்லாததால் ஸ்டார்ட் பண்ணியதுமே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கிறது. இஞ்சின் சூடு பிடிப்பதில்லை. சூடு பிடிக்காத இஞ்சினில் டீசல் முழுசாக எரியாது, ஆயிலும் இளகாது. ஹீட்டருக்கு வருவதும் அதே தண்ணீர்தான், அது எங்கிருந்து சுடும்? சூடு வரட்டும் என்று சின்னராசு வேறு, ஆள் ஏறும் இடத்தில் கால் மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டு நின்றிருக்கிறான். மேனேஜர் டீசல் போகுதென்றார், டிரைவர் ஹீட்டர் வரலை என்றான். இரண்டும் ஒரே கோளாறு.

பின்னால் கிடந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து ரேடியேட்டர் முன்னால் பாதிக்கு மேல் மறைத்துக் கட்டினேன். மறுபடி ஏறினோம். அங்கிருந்து மூன்றாவது வளைவில் முள்ளு அசைந்தது. மெட்டு செக்போஸ்ட் வருவதற்குள் நடுவுக்கு வந்துவிட்டது.

சின்னராசு ஹீட்டர் வாயில் உள்ளங்கையை வைத்தான். "அண்ணே, சுடுதுண்ணே" என்றான்.

3. டப்பா

மலையிறங்கி வந்து ஒர்க்‌ஷாப்பு முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி.

"இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? புது வால்வைப் போடு, வெரசா வண்டிய அனுப்பு, சோலி முடிஞ்சது. கழட்டுனது யாருன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேக்கலண்ணே."

"பெறகென்ன?"

பிறகு என்ன என்று யோசித்தேன். இதுவும் என் பயத்தால் வந்த யோசனைதான். வால்வைப் போட்டுச் சத்தமில்லாமல் அனுப்பினால், திங்கட்கிழமை வருகிற புது டிரைவர் கையில் வண்டி பதிமூன்று கொடுக்கும். பார்த்தாயா, ஆளை மாத்தினதும் டீசல் நின்னுச்சு என்பார்கள். அதற்கப்புறம் சின்னராசு எந்த எஸ்டேட்டிலும் ஸ்டீரிங் பிடிக்க முடியாது. நான் வண்டியைச் சரிபண்ணினால் அதுவே அவன் திருடன் என்பதற்குச் சாட்சி ஆகிவிடும்.

புது வால்வைப் போட்டேன். பெயின்ட் டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். "போனா திரும்பி வராத" என்று முதலாளி கத்தினார்.

எஸ்டேட் ஆபீசில் சின்னராசுவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, டப்பாவை மேனேஜர் மேஜைமேல் கவிழ்த்தேன். அங்கே டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வால்வை எடுத்துக் கம்பியில் கட்டி அதற்குள் விட்டேன். "நல்லா பாருங்க சார்" என்றேன். மூடியிருந்த வால்வு மெல்ல வாயைத் திறந்தது. வெளியே எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டேன், மூடிக்கொண்டது.

"எந்தா இது, வித்தை காட்டுறியா?"

"இது இல்லாமத்தான் சார் ஒங்க வண்டி எட்டு மாசமா ஓடுது. கழட்டுனது நான். இவனுக்குத் தெரியாது." நடந்ததை எழுதி வைத்திருந்த பேப்பரைக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இருக்கும். கையெழுத்து மட்டும் பெரிதாகப் போட்டிருந்தேன்.

மேனேஜர் படித்தார். "எட்டாங்கிளாஸ் படிச்ச நீ எனக்கு இஞ்சின் படிப்பிக்கிறாயோ? ரெண்டு பேரும் சேர்ந்துள்ள நாடகம்."

"நாடகம்னா ஒரு மாசத்துல தெரிஞ்சுரும் சார். புது வால்வு போட்டாச்சு. ஆனா ஓட்டுறது இவனா இருக்கணும். இவன் கையிலயே பதிமூணு வரலைன்னா, ரெண்டு பேரையும் போலீஸ்ல குடுங்க. ஆளை மாத்தி ஓட்டிப் பாத்துட்டு இவன் எடுத்தான்னு சொன்னீங்கன்னா, இந்த டப்பாவோட எல்லா எஸ்டேட்டுக்கும் போய்த் தண்ணி கொதிக்க வைப்பேன்."

மீதி வால்வுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

மேனேஜர் தண்ணீரில் போட்ட வால்வை எடுத்து உருட்டிப் பார்த்தார். கடைசியில் போனை எடுத்து, புது டிரைவரை ஒரு மாதம் கழித்து வரச்சொன்னார்.

அந்த ஆளை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. சின்னராசு கையில் வண்டி பதிமூன்று கொடுத்தது. மேனேஜர் அவனிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. எஸ்டேட் வண்டிகள் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போயின. முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஆறு மாதம் நேரடியாகப் பேசவும் இல்லை. பேசாமலே ஸ்பானரை நீட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பார்ட்டைக் கழற்றினால் கழற்றினேன் என்று பில்லில் எழுதுங்கள், ஓட்டுகிறவனிடம் வாயால் சொல்லுங்கள். நாம் சொல்லாமல் விட்டதற்கு ஓட்டுகிறவன் வீட்டைக் காலிபண்ண வேண்டி வரும்.

என் பயம் போகவில்லை. இன்றைக்கும் டிரெயின் பிளக்கை இரண்டு தரம் தொட்டுத்தான் அனுப்புகிறேன். ஒவ்வொரு சித்திரையிலும் யாராவது பொங்கின வண்டியோடு வந்து, "அந்த வால்வைக் கழட்டி எறிஞ்சுருங்கண்ணே" என்பார்கள். ரேடியேட்டரைப் பார்க்கிறேன், பெல்ட்டைப் பார்க்கிறேன், ரேடியேட்டர் மூடியைப் பார்க்கிறேன். வால்வு கெட்டிருந்தால் புதுசு போடுகிறேன். கழற்றி எறிவது மட்டும் என்னால் முடியாது. கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஒர்க்‌ஷாப்பு இருக்கிறது.