பிரவுன் மட்டும் தீர்ந்த டப்பா

இன்று தேரடித் தெரு ஸ்டேஷனரி கடையில் என் ஓவிய ஞானம் அடி வாங்கியது.

பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, மகளுக்காக இருபத்துநாலு வாட்டர் கலர் உள்ள மலிவு டப்பாவை எடுத்தார். ட்ராயிங் வகுப்பு எடுக்கிறவன் சும்மா இருப்பேனா?

"அது வேணாங்க, வெறும் சாக்பீஸ் தூளு. இதுல பன்னெண்டு கலர்தான், வெலயும் ஜாஸ்தி. ஆனா தரமான சரக்கு" என்று வேறொன்றை நீட்டினேன்.

அவர் அசரவில்லை. "சார், எம்பொண்ணு எத வரைஞ்சாலும் பின்னாடி நம்ம மலை வந்துடும். பிரவுன்தான் மொதல்ல தீரும். ரெண்டுலயும் அத மட்டும் போட்டுக் காட்டுங்க."

கடைக்காரர் சிரித்தபடி பிரஷ், தண்ணீர், அட்டை எல்லாம் தந்தார். இரண்டு மலை வரைந்தேன்.

என் டப்பா மலை, பால் ஜாஸ்தியான டீ போல வெளுத்திருந்தது. அவர் டப்பா மலை, கடைக்கு வெளியே தெரிந்த மலையேதான்.

"வரேங்க சார்" என்று மலிவு டப்பாவோடு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் அலமாரியைத் திறந்தேன். ஏழு பழைய டப்பாக்கள். ஏழிலும் பிரவுன் காலி, ரோஸ் தொடாமலே கிடக்கிறது.

நம்மூர்க்காரர்களே, உங்கள் டப்பாவும் இப்படித்தானா? பின்னூட்டத்தில் உண்மையைச் சொல்லுங்கள். ரோஸ் தேவைப்பட்டாலும் கேளுங்கள், ஏழு இருக்கிறது.