இரும்புக் கசடு இருந்த மேசை

“உந்தக் கறுப்புக் கல்லைப் பாக்கவோ என்ர சனிக்கிழமையைக் கெடுத்தனீங்கள்?” என்று ஒரு மனைவி கணவனிடம் கேட்டது தற்செயலாக என் காதில் விழுந்தது. ரொறன்ரோவில் ஓர் அருங்காட்சியகத்தில், பண்டைய சுரங்கமும் உலோகமும் பற்றிய கூடத்தில் எனக்கு வேலை. பழைய செம்பையும் இரும்பையும் விளக்கத்தான் சம்பளம். கழிவறைக்கு வழி காட்டவே நேரம் சரி. நின்றபடியே பிழைப்பவர்களுக்கு என் கால்களின் கதை புரியும்.

துருத்தி

அந்தக் காலத்து உலைக்குக் காற்று ஊதிய கால்துருத்தியின் மாதிரி ஒன்று உண்டு. இரண்டு தோல் பைகள். ஒன்றை மிதிக்கும்போது மற்றதைக் கயிற்றால் தூக்க வேண்டும். காற்று நின்றால் உலை குளிர்ந்துவிடும். மிதித்துக்கொண்டே விளக்கினேன். ரெக்ஸ்டேலில் இருந்து வந்த ஓர் அங்கிள் கடைசிவரை பொறுமையாக நின்றுவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, காத்து நல்லா வருது. உம்மட சத்தம்தான் வரேல்லை.”

என் பேச்சைக் கேட்டவர்

கேட்டவர் ஒருவர் இருந்தார். துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்த செல்வமணி அன்ரி. வேலை நிரந்தரமா இல்லையா என்று அவருக்கு வெள்ளிக்கிழமை சொல்வார்கள். இரும்பை உருக்கும்போது ஒழுகும் அழுக்குத்தான் கசடு, கொல்லர்கள் அதை வெளியே எறிந்துவிடுவார்கள் என்று நான் தினமும் சொல்வதைத் தூசி துடைத்தபடி கேட்பார்.

திங்கட்கிழமை, மேசையில் தொட்டுப் பார்க்க வைத்திருந்த கறுப்புக் கசட்டுக் கட்டியைக் காணவில்லை. அன்ரியைக் கேட்டேன். குப்பை லொறி போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

“நீர்தானே சொன்னனீர், எறியிற சாமான் எண்டு.”

மாற்றுக் கல்

மறுநாள் அன்ரி வீட்டில் இறைச்சி வாட்டும் பாபிகியூ அடுப்பிலிருந்து ஓர் எரிமலைக் கல்லைக் கொண்டுவந்தார். கறுப்பு, உடம்பெல்லாம் ஓட்டை, அச்சு அசல் கசடு. வைக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், வழக்கம்போல் சத்தம் வரவில்லை. வெக்ஸ்போர்ட்டிலிருந்து பார்க்க வந்த வேறோர் அன்ரி அதை எடுத்து மூக்கருகே பிடித்தார். கணவரிடமும் நீட்டினார்.

“அந்தக் காலத்துச் சனமும் கோழியை நல்லாத்தான் வாட்டியிருக்குது.”

வெள்ளிக்கிழமை

எங்கள் பொறுப்பாளர் கசட்டை ஆராய்ந்தே முனைவர் பட்டம் வாங்கிய பெண். அன்ரியின் நிரந்தர வேலைப் படிவத்தோடு வந்தவர், போகிற போக்கில் கல்லைத் தூக்கினார். கனக்க வேண்டிய அது பஞ்சு மாதிரி எழும்பியதும் நின்றார். முகர்ந்தார். அன்ரி, தான் துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

நான் முன்னால் போனேன். எறிகிற சாமான் என்று சொல்லிக்கொடுத்தது நான், அதைத்தான் நாங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் விட்டதும் நான், பிழை என்னுடையது, அவருடைய வேலையில் கை வைக்காதீர்கள் என்றேன். அடுத்த கூடத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவ்வளவு சத்தத்தையும் எங்கை வைச்சிருந்தனீர்?” என்றார் அன்ரி.

பொறுப்பாளர் படிவத்தில் கையெழுத்து வைத்து அன்ரியிடம் கொடுத்தார். பிறகு கல்லை மேசையில் வைத்து, அதே பேனையால் ‘தொட்டுப் பாருங்கள்’ என்ற அட்டையின் கீழே ‘முகர்ந்து பார்க்க வேண்டாம்’ என்று எழுதினார்.